ரியால்டோ கடற்கரை: காடு கரையொதுங்கும் இடம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில், குவில்லயூட் ஆறு பசிபிக் பெருங்கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே நீள்கிறது ரியால்டோ கடற்கரை. இங்கே மணல் குறைவு. கறுத்து வழவழத்த கூழாங்கற்கள்தான் கரை. அந்தக் கற்பரப்புக்கும் பின்னால் நிற்கும் காட்டுக்கும் நடுவே பெருமரங்கள் வேரும் தண்டுமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கின்றன. வெயிலும் உப்பும் பட்டுப் பட்டு அவற்றின் நிறம் வெள்ளிச் சாம்பலாகிவிட்டது. அதைத் தாண்டிக் கடலுக்குள் செங்குத்தான பாறைத் தூண்கள் நிற்கின்றன. சிலவற்றின் உச்சியில் இன்னும் மரங்கள் வளர்கின்றன. நிழற்படக் கலைஞர்கள் இவ்வளவு தூரம் வருவது இந்த மூன்றும், கல்லும் மரமும் தூணும், ஒரே பார்வைக்குள் அடங்குவதால்தான்.

வழக்கமான புறப்பாடு சியாட்டில் நகரிலிருந்து. பியூஜெட் சவுண்டு என்னும் உள்கடலைப் படகில் காரோடு கடந்து, போர்ட் ஏஞ்சல்ஸ் ஊரைத் தாண்டி, 101-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போக வேண்டும். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் பாதிப் பகல் போய்விடும். வழியில் கிரசண்ட் ஏரியின் எதிர்க்கரையில் ஒரு பழைய ரயில் தடம் இன்று நடைபாதையாகியிருக்கிறது. முதல் உலகப் போரின்போது விமானம் கட்ட சிட்கா ஸ்ப்ரூஸ் மரம் தேவைப்பட்டது. எடை குறைவு, உறுதி அதிகம் என்பதால் அதற்கு அவ்வளவு கிராக்கி. மரத்தைக் காட்டிலிருந்து இறக்க ராணுவமே 1918-ல் இந்தத் தடத்தைப் போட்டது. வேலை முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. கடற்கரையில் காணப்போகும் மரங்களில் பல அதே இனத்தைச் சேர்ந்தவை என்பதால் ஏரிக்கரையில் சற்று நின்று போவது நல்லது.

அடுத்து வரும் ஃபோர்க்ஸ், மரம் வெட்டிப் பிழைத்த சிற்றூர். ‘ட்வைலைட்’ நாவல்கள் 2005 முதல் அதற்கு வேறொரு புகழைக் கொடுத்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. ஊருக்குச் சற்று வடக்கே மேற்கு நோக்கிப் பிரியும் சாலை பின்னர் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை ஆற்றின் தென்கரையிலுள்ள லா புஷ் கிராமத்துக்குப் போகிறது; மற்றது மோரா சாலை. பாசி தொங்கும் பெருமரங்களுக்கு இடையே ஓடி, கடலுக்கு முன்னால் ஒரு வண்டி நிறுத்தத்தில் அந்தச் சாலை முடிந்துவிடுகிறது. வண்டியை விட்டு இறங்கியதும் கட்டைக் குவியல் கண்ணில் படும். கடலின் ஓசை அதற்கு முன்பே காதில் விழுந்திருக்கும். ஒவ்வோர் அலையும் திரும்பும்போது ஆயிரக்கணக்கான கூழாங்கற்களை உருட்டி இழுப்பதால், மணற்கரையில் கேட்காத ஒரு கரகரப்பு இங்கே இடைவிடாமல் கேட்கும்.

கடற்கரை இன்று ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் பகுதி. பூங்கா 1938-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கொண்டு உருவானது; கடலோரப் பட்டை 1953-ல்தான் சேர்க்கப்பட்டது. 1981-ல் யுனெஸ்கோ பூங்காவை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. மலையையும் கடலையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்த அந்த இணைப்பு எவ்வளவு சரியான முடிவு என்பது கட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் விளங்கும்.

கட்டைகளின் பயணம் மலையடிவாரக் காடுகளில் தொடங்குகிறது. பசிபிக்கிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று ஒலிம்பிக் மலைகளில் மோதி, மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டுகிறது. அந்த மழையில் சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக், செஞ்சிடார், டக்ளஸ் ஃபர் ஆகியவை 60 மீட்டருக்கு மேலும் வளர்கின்றன. குளிர்கால வெள்ளத்தில் ஆறு கரையை அறுக்கும். கரையோரத்து மரம் வேரோடு சாய்ந்து நீரில் விழும். போகச்சீல், சோல் டக் என்ற இரண்டு ஆறுகள் கூடிக் குவில்லயூட் ஆகின்றன. அந்தப் பெயரில் அது ஓடுவது பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் மேலே இருக்கும் பெரும் வடிநிலம் முழுவதன் மரமும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்கு வருகிறது. கடலில் சேர்ந்த மரத்தை நீரோட்டம் கரையோரமாக நகர்த்துகிறது. புயலோடு உயர் ஓதமும் சேர்ந்துவரும் நாளில் அலைகள் அதைத் தூக்கி, சாதாரண அலை எட்டாத மேட்டில் போட்டுவிடுகின்றன. அடுத்த பெரும்புயல் வரும்வரை அது அங்கேதான் கிடக்கும். சில மரங்கள் ஒரு குளிர்காலத்திலேயே இடம் மாறும். காட்டோரத்தில் ஆழப் புதைந்தவை பல பத்தாண்டுகள் அசையாது.

ஆற்றை அடைத்தால் இந்த வரத்து நின்றுபோகும் என்பதற்கு அதே தீபகற்பத்தின் வட கரையில் சான்று உண்டு. எல்வா ஆற்றின் இரண்டு அணைகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் வண்டலையும் மரங்களையும் தடுத்து வைத்திருந்தன. 2011 முதல் 2014 வரை அவை இடித்து அகற்றப்பட்டபின், முகத்துவாரத்தில் மணலும் கட்டைகளும் குவிந்து புதிய கரையே உருவானது. கடற்கரைக்கு மண்ணையும் மரத்தையும் கொடுப்பது ஆறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இந்தப் பக்கத்தில் வேறில்லை.

குவியலில் கிடக்கும் ஒவ்வொரு கட்டையின் வரலாற்றையும் அதன் முனை சொல்லும். வேர்ப்பந்தோடு கிடந்தால் அது ஆறோ காற்றோ சாய்த்த மரம். முனை தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் மரவெட்டிகள் கையிலிருந்து தப்பியது. தெப்பமாகக் கட்டி இழுத்த காலத்தில் கழன்று போனதாகவும் இருக்கலாம். அருகில் குனிந்தால் இன்னும் பல தெரியும். பட்டை முழுவதும் உரிந்து, தண்டின் இழைகள் நேராக ஓடாமல் முறுக்கிக்கொண்டு சுற்றி ஏறுவது வெளியே தெரிகிறது. மென்மையான பாகம் தேய்ந்துபோக, கிளைக் கணுக்கள் மட்டும் குமிழ்களாகத் துருத்தி நிற்கின்றன. வேர்களின் இடுக்கில் முட்டை அளவுக் கற்கள் இறுகச் சிக்கியிருக்கின்றன. மரம் வளரும்போது வேர் பற்றிய ஆற்றங்கரைக் கல்லும் உண்டு, பின்னர் அலை அடித்துச் செருகிய கடற்கல்லும் உண்டு. பென்சில் பருமனுக்குச் சிறு துளைகள் வரிசையாக இருந்தால் அது கப்பல் புழு குடைந்த தடம். அந்த மரம் நெடுநாள் உப்புநீரில் மிதந்தது என்று பொருள்.

இந்தக் குவியலைக் கரையில் சேர்ந்த குப்பை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. புயல் அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது கட்டைகள்தான். காற்று கொண்டுவரும் மணல் அவற்றின் மறைவில் படிகிறது. அந்த மணலில் புல் பிடிக்கிறது. உளுத்த தண்டின்மேலேயே ஸ்ப்ரூஸ் கன்றுகள் முளைக்கின்றன. மரத்தின் அடியில் ஈரம் காயாத இடத்தில் கடற்கரைத் தத்துப்பூச்சிகள் பகலைக் கழிக்கின்றன. கரைக்குத் திரும்பாமல் ஆழ்கடலில் மூழ்கும் மரமும் வீணாவதில்லை. வெளிச்சம் எட்டாத அடித்தளத்தில் மரத்தையே உண்டு வாழும் உயிர்கள் இருக்கின்றன. காடு கடலுக்குக் கொடுக்கும் உணவு இது.

அதே மரம் ஆளையும் கொல்லும். கடற்கரைக் கட்டைகள் உயிரைப் பறிக்கும் என்று இந்தக் கடலோரத்தில் எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருப்பது வெறும் சடங்கு அல்ல. பத்து மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் விட்டமும் உள்ள நனைந்த தண்டு ஐந்து டன்னுக்குக் குறையாது. ஆனால் மரம் மிதக்கும் பொருள் என்பதால், கணுக்கால் ஆழத்துக்கு மேல் ஓடிவரும் ஓர் அலை போதும், அது உருளத் தொடங்கிவிடும். மேலே நிற்பவர் எந்தப் பக்கம் விழுந்தாலும் தப்ப நேரம் இருக்காது. அலை எட்டும் தூரத்தில் கிடக்கும் கட்டையில் ஏறி நிற்பதோ அதன் பின்னால் உட்காருவதோ கூடாது. கடல் கொந்தளிக்கும் நாளில் உயர் ஓத வேளையில் குவியலுக்கு அருகிலேயே போகக் கூடாது. முந்தைய அலைகளைவிட மிக உயரமாகத் திடீரென ஏறிவரும் அலைகள் இங்கே வழக்கம். கோடையிலும் நீர் உறையவைக்கும் குளிர்தான் என்பதால் நீச்சல் தெரிந்திருப்பதை நம்பவும் முடியாது.

பசிபிக்கின் மறுகரைப் பொருள்களும் இங்கே வந்து சேர்கின்றன. 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலையில் மிசாவா துறைமுகத்திலிருந்து பிய்ந்துபோன ஒரு கான்கிரீட் மிதவைத் துறை, 2012 டிசம்பரில் லா புஷ்ஷுக்குத் தெற்கே பூங்காவின் கரையில் ஒதுங்கியது. அதில் ஒட்டிவந்த அந்நிய உயிரினங்கள் பரவிவிடக் கூடாது என்பதால் அடுத்த வசந்தத்தில் அதை வெட்டி அகற்றினார்கள். ஆழிப்பேரலை எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. 1700 ஜனவரி 26 அன்று இந்தக் கரைக்கு அடியிலுள்ள காஸ்கேடியா தட்டு விளிம்பில் ஏறத்தாழ 9 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலை ஜப்பானில் பதிவானது. அங்குள்ள பழைய ஆவணங்களும் வாஷிங்டன் கரையில் உப்புநீரில் மூழ்கி இறந்த மரங்களின் வளையங்களும் சேர்ந்துதான் அந்த நாளை உறுதிசெய்தன.

லா புஷ், குவில்லயூட் பழங்குடியின் ஊர். ரியால்டோவில் நின்று தெற்கே பார்த்தால் முகத்துவாரத்தில் செங்குத்தாக எழும் ஜேம்ஸ் தீவு அவர்களுக்குப் புனிதமானது. பகை வந்தபோது கோட்டையாகவும், தலைவர்களை அடக்கம்செய்யும் இடமாகவும் இருந்தது. அங்கே வெளியாட்கள் ஏறக் கூடாது. 1889-ல் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் ஒரு சதுர மைல் நிலம். அதிலும் பெரும்பகுதி கடல்மட்டத்தை ஒட்டியது. அடுத்த ஆழிப்பேரலையை நினைத்து ஊரையே மேட்டுக்கு மாற்ற அவர்கள் நெடுநாள் கேட்டுவந்தார்கள். 2012-ல் நிறைவேறிய ஒரு சட்டம் பூங்கா நிலத்தில் சுமார் 785 ஏக்கரை அவர்களுக்குக் கொடுத்தது; ரியால்டோவுக்குப் பொதுமக்கள் வந்துபோகும் வழியைப் பற்றிய நீண்ட எல்லைத் தகராறும் அதனோடு தீர்ந்தது. மேட்டில் கட்டிய புதிய பள்ளி 2022-ல் திறக்கப்பட்டது. ஜேம்ஸ் தீவின் நிழலுருவை வைத்துப் படம் எடுப்பவர்கள் அது யாருடைய கல்லறை என்பதை அறிந்து எடுப்பது நியாயம்.

நிறுத்தத்திலிருந்து வடக்கே நடப்பதுதான் இங்கே முக்கியமான பயணம். கூழாங்கல் காலுக்கடியில் சரியும்; மணலில் நடப்பதைவிட நேரம் பிடிக்கும். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கட்டைகள், அவற்றுக்குப் பின்னால் காட்டின் விளிம்பில் நின்றபடியே இறந்து வெளுத்த ஸ்ப்ரூஸ்கள். கரை பின்வாங்கி உப்புநீர் வேரை எட்டியதால் செத்தவை அவை. இன்னும் சில குளிர்காலங்களில் அவையும் குவியலில் சேரும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் எல்லன் ஓடை குறுக்கிடும். நீர் குறைந்த நாளில் செருப்பைக் கழற்றிக் கடந்துவிடலாம். மழைக்குப் பின் குறுக்கே கிடக்கும் கட்டைதான் பாலம், அது வழுக்கும். நாயோடு வருபவர்கள் இந்த ஓடையோடு திரும்பிவிட வேண்டும்.

ஓடையைத் தாண்டினால் கடல் தூண்கள் நெருங்குகின்றன. ஒரு காலத்தில் இவை நிலத்தின் பகுதியாகவே இருந்தன. ஆழ்கடலில் படிந்த மணற்கல்லும் சேற்றுப்பாறையும் உடைகல் பாறையும், வான் டி ஃபூக்கா தட்டு வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழையும்போது சுரண்டப்பட்டு, நசுங்கி, மேலே தள்ளப்பட்டன. அலை மெலிந்த பாறையை முதலில் தின்றது. கடினமானது தனித்து நின்றது. வண்டி நிறுத்தத்திலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டரில் கடலுக்குள் நீளும் ஒரு பாறை முனையை அலை துளைத்து வாயில் ஆக்கியிருக்கிறது. ஹோல் இன் தி வால் என்று பெயர். தாழ் ஓதத்தில் அதன் ஊடே நடந்து மறுபக்கம் போகலாம். நீர் ஏறிவிட்டால் முனையின்மேல் ஏறிக் கடக்கும் செங்குத்தான காட்டுப்பாதைதான் வழி.

ஆகவே ஓத அட்டவணை இல்லாமல் இங்கே வருவதில் அர்த்தமில்லை. இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்; ஆனால் இரண்டும் சமமல்ல, ஒன்று மற்றதைவிடத் தாழும். நாளின் உச்ச ஏற்றத்துக்கும் ஆழ்ந்த வற்றத்துக்கும் இடையே சராசரியாக இரண்டரை மீட்டர் வித்தியாசம். கோடையில் மிகத் தாழ்ந்த வற்றம் காலை நேரத்தில் வரும்; குளிர்காலத்தில் அது இருட்டிய பின் வரும். பாறைக்குளங்களைப் படமெடுக்க விரும்புபவர்களுக்குக் கோடைக் காலை உகந்தது என்பது இதனால்தான்.

வாயிலைத் தாண்டியதும் அலை அரிமேடை விரிகிறது. குளங்களில் பச்சைக் கடல் சாமந்திகள் விரிந்திருக்கும். பாறைச் சுவரில் கறுத்த மட்டிகளும் கொட்டலசுகளும் இடமில்லாமல் நெருக்கும். அவற்றுக்குக் கீழே ஊதா, ஆரஞ்சு நிறங்களில் காவி நட்சத்திர மீன்கள் ஒட்டியிருக்கும். சூழலியலின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று இதே கடலோரத்தில், வடக்கே மக்கா விரிகுடாவில் நடந்தது. சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1963 முதல் ஒரு பாறைப் பகுதியிலிருந்து இந்த நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தார். உண்ண ஆளில்லாத மட்டிகள் பரவி, மற்ற உயிரினங்களை வெளியேற்றின. பதினைந்தாக இருந்த இனங்கள் எட்டாகக் குறைந்தன. 1966-ல் அந்த முடிவை வெளியிட்டார்; இப்படி ஒரு சூழலையே தாங்கிநிற்கும் உயிரினத்தைக் குறிக்கும் கீஸ்டோன் இனம் என்ற கருத்து 1969-ல் வந்தது. 2013-ல் தொடங்கிய ஒரு நோய் நட்சத்திர மீன்களை இந்தக் கரை நெடுகிலும் கரைத்துப்போட்டது. அதனால் இன்று ஒரு நட்சத்திர மீனைப் படமெடுக்கும்போது அதைப் பாறையிலிருந்து பிடுங்கிக் கையில் வைப்பது மன்னிக்கக்கூடியதல்ல. வெறும் பாறையில் மட்டும் கால்வைத்து, குனிந்து எடுப்பதே முறை.

ஒளியைப் பொறுத்தவரை, மேகம் மூடிய நாளுக்காக வருத்தப்பட வேண்டாம். வெள்ளிக் கட்டையின் இழைகளும் ஈரக் கல்லின் கறுப்பும் மேகத்தின் மென்மையான வெளிச்சத்தில்தான் முழுமையாக விழும். கடும் வெயிலில் ஒன்று வெளுத்துவிடும், மற்றது இருண்டுவிடும். மூடுபனி இருந்தால் இன்னும் நல்லது. அருகிலுள்ள தூண் கறுப்பாகவும் அடுத்தது சாம்பலாகவும் கடைசியானது வெறும் சாயலாகவும் பிரிந்து, படத்துக்கு ஆழம் கிடைக்கும். அஸ்தமனத்தைத் தேடுபவர்கள் பருவத்தைக் கணக்கிட வேண்டும். இது ஏறத்தாழ 48 பாகை வட அட்சரேகை. ஜூன் கடைசியில் சூரியன் இரவு ஒன்பது மணிக்கு மேல் வடமேற்கில், தூண்களின் பக்கமாக இறங்கும். டிசம்பரில் நாலரை மணிக்குள் தென்மேற்கில், ஜேம்ஸ் தீவின் பக்கமாக இறங்கிவிடும். கோடையில் சூரியன் மறைந்தபின்னும் நீல ஒளி நெடுநேரம் நிற்கும். பலர் அதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

அகலக்கோண லென்ஸை ஒரு வேர்ப்பந்துக்கு அருகில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வைத்தால், வேர் முன்னால் விரிந்து தூண் பின்னால் சிறுக்கும். இது எல்லோரும் எடுக்கும் படம், தவறில்லை. ஆனால் மரத்தின் அளவு அதில் தெரிவதில்லை. பாதுகாப்பான மேட்டில் கிடக்கும் தண்டின் அருகே ஓர் ஆளை நிறுத்தித் தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தால், தண்டின் விட்டம் ஆளின் தோளுக்கு வருவது தெரியும். பின்னால் காடும் இறுகி நெருங்கி வரும். மரம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரே சட்டத்தில் சொல்லும் படம் அது. ஈரக் கட்டையின் பளபளப்பை நீக்க துருவமாக்கி வடிகட்டி உதவும்.

கடலை முப்பது விநாடி திறப்பில் பஞ்சாக்கிவிடும் வழக்கம் இந்தக் கரைக்குப் பொருந்தாது. இதன் இயல்பே முரட்டுத்தனம். அரை விநாடியிலிருந்து ஒரு விநாடிவரை திறந்தால், திரும்பும் நீர் கற்களுக்கிடையே கோடுகளாக இழுபடும். அலையின் வலுவும் மிஞ்சும். கறுத்த கல்லை நம்பி கேமரா ஒளியைக் கூட்டிவிடும், வெண்நுரை வெந்துபோகும். ஆகையால் ஒளியளவை நுரைக்கு ஏற்பக் குறைத்து வைக்க வேண்டும். முக்காலி ஒவ்வோர் அலைக்கும் கல்லுக்குள் சற்றுச் சற்றாக இறங்கும் என்பதால் கால்களை முன்கூட்டியே அழுத்திப் புதைத்துவிட வேண்டும். லென்ஸில் படியும் உப்புத் துளியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும். முதலில் நன்னீரில் நனைத்த துணி, பிறகு உலர்ந்தது. அன்றிரவே முக்காலியின் கால்களைப் பிரித்து நன்னீரில் கழுவாவிட்டால் மூட்டுகள் இறுகிப்போகும்.

தேசியப் பூங்காக்களில் டிரோன் பறக்கவிடத் தடை உண்டு. கரைக்கு அப்பாலுள்ள தீவுகளும் தூண்களும் 1907 முதல் பறவைச் சரணாலயமாக இருப்பதால் அவற்றில் ஏறவும் கூடாது. வெண்தலைக் கழுகுகள் இறந்த மரங்களின் உச்சியில் அமர்வதைக் கரையிலிருந்தே எடுக்கலாம். அலையில் மல்லாந்து மிதக்கும் கடல் நீர்நாய்கள் தென்பட்டால், அவை 1969, 1970 ஆண்டுகளில் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட 59 நீர்நாய்களின் வழித்தோன்றல்கள். ரோமத்துக்காக வேட்டையாடி இங்கே அந்த இனத்தை முன்பே அழித்திருந்தார்கள். இரவு தங்க விரும்புபவர்கள் அனுமதிச்சீட்டு பெற்று எல்லன் ஓடைக்கு வடக்கே கூடாரம் அடிக்கலாம். உணவைக் கரடியால் திறக்க முடியாத கலத்தில் வைக்க வேண்டும். கரடியைவிட அதிகம் தொல்லை கொடுப்பது ரக்கூன்கள்தான்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் 101-ஆம் சாலையில் தெற்கே போகலாம். ஃபோர்க்ஸிலிருந்து சுமார் 43 கிலோமீட்டரில் ரூபி கடற்கரை. அங்கே ஓர் ஓடை கட்டைக் குவியலுக்குள் புகுந்து வெளியேறிக் கடலில் சேர்கிறது. அதற்கும் தெற்கே கலாலாக் கடற்கரையில், மண்மேட்டின் விளிம்பில் ஒரு சிட்கா ஸ்ப்ரூஸின் அடியிலிருந்த மண்ணைச் சிற்றோடை அரித்துவிட்டது. மரத்தின் நடுவேர்கள் அந்தரத்தில் தொங்க, இருபக்கத்து வேர்கள் மட்டும் பள்ளத்தின் இரு கரைகளையும் பற்றியிருக்கின்றன. அதன் கீழே கரையில் ஏற்கெனவே விழுந்த மரங்கள் கிடக்கின்றன. கட்டை எப்படி உண்டாகிறது என்பதை இவ்வளவு நெருக்கத்தில் காட்டும் இடம் அரிது. வேர்களுக்கு அடியில் போய் நிற்காமல், பள்ளத்துக்கு வெளியே விலகி நின்று படமெடுக்க வேண்டும். மண் இன்னும் சரிந்துகொண்டுதான் இருக்கிறது.